வண்டலூர் பக்கம் போன மழை

சேலையூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் அந்தக் காலனியில், ஒரு காலத்தில் தோத்தாத்ரியைக் கேட்காமல் யாரும் வடாம்கூடப் பிழிய மாட்டார்கள். தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மாதிரி பூங்காவில் உட்கார்ந்து அரசியல் பேசாமல் ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மொட்டை மாடியில் காற்றின் திசை பார்க்கக் காற்றாடி ஒன்று, மழையளக்கக் குடுவை ஒன்று, கையில் ராடார் படம் ஓடும் போன். காலையில் காலனி வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதும் நாலு வரியைப் பார்த்த பிறகுதான் பாதி வீடுகளில் துணியே ஊறப்போடுவார்கள். "இன்று கடல் காற்று தாமதமாகத்தான் வரும், குழந்தைகளை வெயிலில் விடாதீர்கள்" என்று அக்கறையாக எழுதுவார். மனுஷருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, நாலு பேருக்கு உபயோகமான கர்வம்தானே.

அந்தக் கர்வத்தின் மேல் போன வருஷம் மே மாதம் யார் கண் பட்டதோ தெரியவில்லை.

காலனி சர்ச்சில் கோடை விடுமுறைக்கு வி.பி.எஸ். நடக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பேனரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பாட்டு, ஆட்டம், கைவேலை, கடைசியில் ஒரு டம்ளர் ஜூஸ் என்று இருப்பதால் எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் கிடக்கும். நிறைவு நாள் நிகழ்ச்சி மைதானத்தில், பெற்றோர் எல்லாரும் வர, தடபுடலாக நடக்கும். போன வருஷம் அதை நடத்தும் தபீதாள் டீச்சர் வந்து கேட்டபோது, "தைரியமாப் பண்ணுங்கோ, ஒரு சொட்டு விழாது" என்று அடித்துச் சொன்னார் தோத்தாத்ரி. கடல் காற்று மத்தியானமே வந்து ஊரைக் குளிர்த்திவிட்டது, இனி இடிமழைக்கு எங்கே வேலை என்பது அவர் கணக்கு. மேற்கே கிளம்பிய மேகம் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. மைக் செட் நனைந்து செத்தது. மேடையிலிருந்த கேக் கூழானது. பிள்ளைகள் அழுதுகொண்டே ஓடின.

யாரும் அவரைத் திட்டவில்லை. குழுவில் மட்டும் யாரோ குடை பிடித்த பொம்மை ஒன்றைப் போட்டு, கீழே "ஒரு சொட்டு" என்று எழுத, காலனியே சிரித்தது. மறுநாள் காலை அவர் எதுவும் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. சிரித்ததைவிட அதுதான் மனுஷரை உள்ளுக்குள் அறுத்தது.

இந்த வருஷம் அதே நிறைவு நாள் வந்தது. காலை முதலே மேற்கிலிருந்து மேல் காற்று உரசிக்கொண்டிருந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவர், வண்டலூர்ப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். வெள்ளை வெளேரென்று மேகம் அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டிருந்தது. கடல் காற்று இன்னும் வரவில்லை. சாயங்காலம் அது உள்ளே வந்து இந்த மேல் காற்றோடு மோதினால் போதும், இடி, மின்னல் எல்லாம் இங்கேதான். போனில் இருந்த செயலிகளோ வறண்ட வானிலை என்று சாதித்துக்கொண்டிருந்தன.

கீழே வந்து சட்டையை மாட்டினார். மனைவி பட்டு பார்த்துவிட்டாள்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். மழை வரப்போறது."

"ஏன்னா, வாயை வெச்சுண்டு சும்மா இருக்க மாட்டேளா? பெஞ்சா அவா நனைஞ்சுட்டுப் போறா. பெய்யலேன்னா உங்களைன்னா காய்ச்சுவா! இன்னொரு தடவை நீங்க அப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு உக்காந்தா என்னால பாக்க முடியாது."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு வருஷமாக அவரோடு அந்த வீட்டில் இருந்தவள் அவள்தானே.

"தெரிஞ்சுண்டும் சொல்லாம இருந்தா, குழந்தைகள் மறுபடி நனையறதை மாடியில நின்னு வேடிக்கை பாக்கணுமா, பட்டு?" என்றார். அவள் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மைதானத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முடித்திருந்தார்கள். பேங்க் ஆபீசரான சபைச் செயலாளர் எட்மண்ட், வேர்க்க விறுவிறுக்க நின்றவர், இவரைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க சார், வாங்க. இந்த வருஷமும் ஒரு சொட்டு விழாதுல்ல?"

தோத்தாத்ரி அதை விழுங்கிக்கொண்டு தபீதாள் டீச்சரிடம் போனார். மேகத்தைக் காட்டினார், காற்றைச் சொன்னார். டீச்சர் ஆயுசு பூராவும் பிள்ளைகளின் சாக்குப்போக்கைக் கேட்டுப் பழகியவர். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், மழை வரலாம்னு சொல்றீங்களா, வரும்னு சொல்றீங்களா?"

தப்பித்துக்கொள்ள அருமையான வழி. 'வரலாம்' என்று சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் நாற்காலிகள் மைதானத்திலேயேதான் இருக்கும்.

"வரும்" என்றார்.

"எட்மண்ட் தம்பி, எல்லாத்தையும் ஹாலுக்கு மாத்துங்க."

"டீச்சர்! அந்த ஹால் ஆஸ்பெஸ்டாஸ் போட்டது. இந்த வெயில்ல அடுப்பு மாதிரி கிடக்கு. பாதி ஜனம் உள்ளயே புடிக்காது. இவர் பேச்சைக் கேட்டுட்டு..."

"மாத்துங்கப்பா" என்றார் டீச்சர். எட்மண்ட் முணுமுணுத்துக்கொண்டே இரண்டிரண்டு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஹாலுக்குள் மூச்சு முட்டியது. மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டுவும் வந்து, யாரோ கொடுத்த பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தோத்தாத்ரி உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானம் இருண்டது. காற்று புழுதியைக் கிளப்பியது. வண்டலூர்ப் பக்கம் பளீர் பளீரென்று மின்னியது. வா, வா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. குழுவில் செய்தி வந்தது: வண்டலூரில் கொட்டுகிறதாம். சற்று நேரத்தில் இன்னொன்று: கேளம்பாக்கத்தில் ரோடெல்லாம் தண்ணீராம். ஊருக்குத் தெற்கே, ஒரு எட்டு தள்ளி, மழை தன் பாட்டுக்குக் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. இங்கே மைதானம் காய்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு எங்கோ இடி விழுந்து கரண்ட்டும் போனது. ஹாலில் மின்விசிறிகள் நின்றன.

"வெளியிலயே வெச்சிருக்கலாம்" என்று இருட்டில் ஒரு குரல் சொன்னது. "நல்லா சொன்னார் போ" என்றது இன்னொன்று. மைக் இல்லாததால் எல்லாம் தெளிவாகவே கேட்டது. தோத்தாத்ரி பட்டுவை எப்படிக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவது என்று யோசித்தார். இனிமேல் மாடிப்படி ஏறுவதில்லை, காற்றாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவே கட்டிவிட்டார். கண் கலங்கியது. பெருமாளே, ஒரே ஒரு தூறல், என் மானம் போகாமல் ஒரே ஒரு தூறல் என்று கெஞ்சினார்.

உள்ளே போன் டார்ச் வெளிச்சத்தில் முடிவு ஜெபத்துக்கு ஜோவிதா என்றொரு வாண்டை ஸ்டூலின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். முன்பல் விழுந்த வாய், தலையில் அன்றைக்குச் செய்த காகிதக் கிரீடம். எல்லாப் பிள்ளைகள் தலையிலும் அதே கிரீடம், ஜிகினா ஒட்டியது, கோந்துகூட இன்னும் காயவில்லை. ஜோவிதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததை மளமளவென்று ஒப்பித்தாள்.

"அன்பின் பரம பிதாவே, இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன்களை, அக்காக்களை ஆசீர்வதியும்..."

பாதியில் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று டீச்சர் அடியெடுத்துக் கொடுக்கக் குனிந்தார். அவள் மறக்கவில்லை.

"அப்புறம் ஆண்டவரே, வெளிய வெதர் தாத்தா தனியா நிக்கிறாரு. அவருக்காக ஒரு மழை தாரும். எங்க கிரீடம் நனைஞ்சா பரவால்ல, நாங்க வேற செஞ்சுக்கறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்."

முதலில் எட்மண்டின் கட்டைக் குரல்தான் "ஆமென்" என்றது. பிறகு எல்லாரும் சொன்னார்கள், வேர்த்துக் கொட்டிக்கொண்டே சொன்னார்கள். அந்தக் கும்பலில் ஒரு ஆமென் மட்டும் தனியாக, பழக்கமில்லாமல் தடுக்கி, கடைசியாக வந்தது. அது பட்டுவின் குரல்.

தோத்தாத்ரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. உள்ளே வரிசை வரிசையாக டார்ச் வெளிச்சத்தில் மின்னும் அத்தனை கிரீடங்களையும் பார்த்தார். அண்ணாந்து பார்த்து, அவசர அவசரமாக, குரல் வெளியே கேட்க வேண்டிக்கொண்டார்:

"வேண்டாம் பெருமாளே. இதுகள் எல்லாம் ஆத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் வேண்டவே வேண்டாம்."

கடைசிக் குழந்தை வீடு போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுகூட விழவில்லை.