பெட்டியைத் தொட்டபோதெல்லாம்

"அண்ணனுக்காகக் காத்திருக்க வேணாம். அப்பாவ இன்னைக்கே எடுத்துருங்க."

சொல்லிவிட்டேன். பந்தலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எப்போது எடுப்பது என்று பொம்பளைப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்று பெரியப்பா ஆண்டிச்சாமி காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"ஏ கலைமதி, கொள்ளி வைக்கிறவன் குவைத்துலருந்து கெளம்பிட்டான். நாளைக்கு விடிய திருச்சியில எறங்குறான். ஒனக்கு என்ன ஆத்தா அவசரம்?"

"ஐஸ் பெட்டியில கரண்ட் லீக்காகுது பெரியப்பா."

நேற்று அறந்தாங்கியிலிருந்து வந்த பெட்டி அது. வந்ததிலிருந்து நான்கு முறை வீட்டில் கரண்ட் போய்விட்டது. நான்கு முறையும் அம்மா பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தீகளா, பொண்டாட்டி கை பட்டதும் மனுசனுக்குத் தாங்கல. மகனப் பாக்காமப் போக மாட்டாரு" என்று பொன்னுத்தாய் அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். கூட்டம் நம்பியது. அம்மாவும் நம்பினாள். அவர் பதில் சொல்கிறார் என்று திரும்பத் திரும்பத் தொட்டாள்.

"தொட்டப்ப எப்படிம்மா இருந்துச்சு?"

"சுருக்குன்னுச்சுடி. அவருதான்."

குனிந்து பெட்டியின் பிளக்கைப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய பெரிய பின் உடைந்து போயிருந்தது. எர்த் இல்லை. கசிகிற கரண்ட் தரைக்குப் போக ஒரே வழி, தொடுகிறவர்களின் உடம்பு. தரையெல்லாம் மாலைத் தண்ணீர் வேறு. போர்டில் இருந்த லீக்கேஜ் பிரேக்கர் நான்கு முறையும் தானே விழுந்து, கரண்டை வெட்டி அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தப் பிரேக்கரைத்தான் சித்தப்பா மகன் முத்துராஜ் இப்போது மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் புதுசாக ஒரு சாதா எம்.சி.பி. ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் அதற்குத் தெரியாது. ஒயர் தாங்காத அளவுக்கு லோடு ஏறினால்தான் விழும்.

"அண்ணே, அதக் கழட்டாத."

"பழசு வீக்காயிருச்சு கலை. தொட்டதுக்கெல்லாம் விழுகுது."

"தொட்டா விழுகுதுன்னு நீயே சொல்றியே!"

"அது சும்மா ரிட்டன் கரண்ட்டு, ஆள ஒண்ணும் பண்ணாது. நீ பரிட்சைக்குப் படிச்சவ. நான் பத்து வருசமா போர்டு கட்டுறேன்."

"அப்ப மெயினப் போட்டதும் செருப்பக் கழட்டிட்டு நீ மொதல்ல தொடு."

"ஒரே பந்தல்ல ரெண்டு பேரப் படுக்க வைக்கப் பாக்குறியா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூவை முறுக்கினான்.

அவனுக்குத் தெரியும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"வேற பெட்டி கேளுங்க பெரியப்பா."

"கேட்டாச்சு. இன்னைக்கு எங்கயும் இல்ல. ரெண்டாம் நாளு, ஐஸ் கட்டியும் தாங்காது. படிச்ச திமிர சாவு வீட்டுல காட்டாத."

இந்த வீட்டின் முதல் டிகிரி என்னுடையது, அதுவும் எலெக்ட்ரிக்கல். பட்டம் வாங்கிய போட்டோவை நடுவீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

"முடிஞ்சுச்சு, மெயினப் போடுங்க!" என்றான் முத்துராஜ்.

அம்மா வெறுங்காலோடு ஈரத்தில் உட்கார்ந்து, பெட்டியின் எவர்சில்வர் விளிம்பில் கன்னத்தை வைத்திருந்தாள். தோளைப் பிடித்து இழுத்தேன். உதறினாள்.

"விடுடி. கரண்ட் வந்தா அவரு பேசுவாரு."

இப்போது இழுத்துவிடலாம். நாளை காலை வரை? இன்னும் எத்தனை பேர் வந்து விழுந்து அழுவார்கள்? பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்றைக்கே எடுத்தாக வேண்டும். அண்ணனுக்கு அப்பாவின் முகம் கிடைக்காது. வாழ்நாளுக்கும் என்னோடு பேசாமல் போவான். போகட்டும்.

பெரியப்பா வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார். நான் ஓடி அவரை முந்தினேன். மூடியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

"அடியே! என்ன காரியம் பண்றே? குடு இங்கிட்டு!"

"எடுக்குறதுக்கு ஆகுறதப் பாருங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

யாரோ என் முந்தானையைப் பிடித்தார்கள். பிடுங்கிக்கொண்டேன். பந்தலைத் தாண்டி, கட்டையை இறுக்கிப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்து நடந்தேன்.