டிரைவர் பக்கக் கதவு

"வெள்ளைன்னா எந்த வெள்ளை அண்ணி? வெள்ளையில பதினாறு இருக்கு."

"பஸ்ஸுக்கு ஏதுடி பதினாறு வெள்ளை?"

"பல்லுக்கு இருக்கே."

தையற்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் நூல் கோணும். கேக்கின் இடுப்பில் நூலைச் சுற்றி, இரண்டு முனைகளையும் குறுக்கே மாற்றிப் பிடித்து, மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். நூல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. மேலே புடைத்திருந்த பகுதி தொப்பியைப் போலக் கழன்று வந்தது. அடியில் மஞ்சளாக, ஈரமாக, துணிக்கடையில் அப்போதுதான் பிரித்த புதுத் துண்டைப் போல ஒரே சீரான தளம். அவள் இஞ்ச் டேப்பை எடுத்து நீளம் பார்த்தாள். பிறகு உயரம். கேக்குக்கு இடுப்பளவு எடுக்கிற ஒரே வீடு இதுவாகத்தான் இருக்கும் என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிக்கொண்டே வெட்டிய தொப்பியில் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நாத்தனாருக்கு வீட்டில் பல்லழகி என்று பெயர். அழகான பல் அவளுக்கு இருந்ததால் வந்த பெயரில்லை. பல் வைத்தியர்கள் அனுப்பும் வாய் அளவைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து தருகிற கூடத்தில் அவளுக்கு வேலை. முதலில் மெழுகில் செதுக்கி, அப்புறம் பீங்கானில் வார்த்து, கடைசியில் நிறம் சேர்ப்பது. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். தையற்காரி கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அவளிடம், "அண்ணி, உங்க மேல்வரிசை ரொம்ப ஒழுங்கு" என்றவள் அவள். அன்று இந்த வீட்டில் அவளிடம் சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

மேசை முழுக்க வேலை பரவிக் கிடந்தது. துணி வெட்டுகிற மேசைதான். தையல் எந்திரத்தை மூலைக்குத் தள்ளி, பஞ்சு பறக்காமல் இருக்கப் பழைய போர்வையால் தலை முதல் கால் வரை மூடியிருந்தார்கள். காய்ச்சல்காரரைப் போல அது சுருண்டு கிடந்தது. சின்ன ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு கேக்தான் வேகும் என்பதால் காலையிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வெந்துகொண்டிருந்தது. வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை மாடிப்படி வரைக்கும் போயிருக்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் இரண்டு தடவை ஏதோ கேட்க வந்ததைப்போல வந்து, ஒன்றும் கேட்காமல் மூக்கை மட்டும் நிறைத்துக்கொண்டு போனார்.

இன்று மாமனாருக்கு வேலையில் கடைசி நாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மீசை நரைக்கத் தொடங்கும் முன்பிருந்தே ஒரே தடம். இன்று சாயங்காலம் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, நடந்து வீட்டுக்கு வருவார். வரும்போது மேசை மேல் அவருடைய பேருந்து நிற்க வேண்டும். அதே வெள்ளை, அதே பச்சைப் பட்டை, அதே சரிந்த முன்கண்ணாடி. பல்லழகியின் யோசனை அது. யோசனைக்குப் பின்னால் இன்னொரு யோசனையும் இருந்தது.

"அப்பா வாசல்லயே நிப்பாரு. யாரு செஞ்சதுன்னு கேப்பாரு. நான் உங்களைக் கையக் காட்டுவேன். அப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசித்தானே அண்ணி ஆகணும்? கேக்கைத் தின்னுட்டு சுவத்துக்கா நன்றி சொல்ல முடியும்?"

"உங்கப்பா சொல்வாரு."

அவர் அவளிடம் பேசுவதில்லை. மகன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட செய்தி அவருக்குப் பேருந்திலேயே கிடைத்தது. தெரிந்த பயணி ஒருவர் ஏறும்போதே, "என்ன டிரைவரே, மருமக வந்தாச்சாமே, எங்களுக்கு இனிப்பு இல்லையா?" என்று கேட்டாராம். வண்டி நிறைய ஆட்கள். ஸ்டியரிங்கில் கை. கோபப்படக்கூட வழியில்லாமல் கடைசி நிறுத்தம் வரை ஓட்டியிருக்கிறார். அந்தக் கோபம் அப்புறமும் வெளியே வரவில்லை. சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. பேச்சை மட்டும் திசை மாற்றிவிட்டார். "அந்தப் பொண்ணு சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பார் மனைவியிடம். மனைவி இல்லாதபோது பொருட்களிடம் பேசுவார். "இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு யாராவது சொன்னா தேவலை" என்று அலமாரியைப் பார்த்துச் சொல்வார். தையற்காரிக்கும் வீம்பு குறைவில்லை. "உப்பு ரெண்டாவது தட்டுல இருக்கு" என்று எந்திரத்தைப் பார்த்துச் சொல்வாள். அலமாரியும் எந்திரமும் இப்படி ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தன.

அதெல்லாம் இதுவரை தாங்கிவிட்டது. விடிவதற்கு முன் போய் இருட்டிய பின் வருகிற மனிதர். ஆனால் நாளையிலிருந்து அவர் வீட்டில் இருப்பார். அவளுக்கு வேலையே வீட்டில்தான். மாமியார் கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கப் போய்விடுவார், பல்லழகி பல் செய்யப் போய்விடுவாள், கணவன் எங்காவது கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்துக்கொண்டிருப்பான். காலை முதல் மாலை வரை இந்தக் கூடத்தில் அவரும் அவளும் மட்டும். இன்றும் அவர் பேசாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று கணவனிடம் சொல்லியிருந்தாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு விழித்துக்கொண்டே படுத்திருந்தான்.

அதனால் இன்று அவளுக்குப் பரீட்சை எழுதப் போகிறவளின் பயம். பயம் மட்டும் இருந்தால் உட்கார்ந்திருப்பாள். சந்தோஷமும் சேர்ந்துகொண்டதால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நான்கு கேக்குகளையும் வரிசையாக ஒட்டி, மேலே கிரீம் பூசி, ஸ்கேலால் வழித்து, மறுபடி பூசினாள். பக்கவாட்டுக்குச் சர்க்கரை மாவு. சலித்த சர்க்கரையைப் பிசைந்து, துணிபோல மெல்லிசாகத் தேய்த்து, பல்லழகி செய்த ரப்பர் அச்சில் வைத்து அழுத்த வேண்டும். ஜன்னல்கள், கம்பிகள், கதவு, கதவின் மடிப்பு, கைப்பிடி எல்லாம் அந்த அச்சில் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தன. புகைப்படத்தைப் பார்த்துத் தாளில் வரைந்தது தையற்காரி. தாளைப் பார்த்து அச்சில் செதுக்கியது பல்லழகி. அச்சிலிருந்து உரித்து எடுத்தபோது ஒரு ஜன்னல் கம்பிகூட உடையவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள், சந்தோஷத்தில்.

சரிந்த முன்கண்ணாடிக்கு ஏற்ற மாதிரி சர்க்கரைத் தகட்டின் ஒரு முனையும் சரிந்திருந்தது. எந்தத் தகடு எந்தப் பக்கம் பொருந்துமோ அந்தப் பக்கம் ஒட்டினார்கள். பிஸ்கட் சக்கரங்கள். பச்சைப் பட்டை. கடைசியாகப் பல்லழகி தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, வீட்டுக்குத் தெரியாமல் செய்து வைத்திருந்த சர்க்கரை டிரைவரை எடுத்து, முன்கண்ணாடிக்குப் பின்னால் குடைந்திருந்த இருக்கையில் உட்கார வைத்தாள். மீசை, தொப்பை, சீருடை எல்லாம் அச்சு அசல். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

"கடைவாய்ப் பல்லு வரைக்கும் வச்சிருக்கியேடி!"

"பழக்கதோஷம் அண்ணி. பாதியில நிறுத்த மனசு வரல."

கணவனிடமிருந்து ஃபோன் வந்தது. அப்பாவின் கடைசி நடையில் பயணியாக ஏறிக்கொண்டு, கூடவே பணிமனை வரை போயிருந்தான். சாவி கொடுத்தாகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள், மெதுவாக நடத்திக் கூட்டி வருகிறேன் என்றான். அப்போதுதான் மாமியார் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதலில் டிரைவரைப் பார்த்து, "இது யாரு? உங்கப்பா இத்தனை பல்லக் காட்டி நான் பார்த்ததே இல்லையே" என்றார். அப்புறம் குனிந்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"ஏண்டி, ஏறுறவங்க எல்லாரும் டிரைவர் மடியில உக்காந்துதான் ஏறணுமா?"

இரண்டு பேரும் பார்த்தார்கள். கதவு டிரைவர் பக்கத்தில் இருந்தது. நடைபாதை இருக்க வேண்டிய பக்கத்தில் வரிசையாக ஜன்னல்கள் மட்டும், வழியே இல்லை.

"நான் திருப்பித்தான் வரைஞ்சேன்" என்றாள் தையற்காரி. துணியின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டி, புரட்டித் தைத்தே பழகிய கை. அச்சில் புரளும் என்று தெரிந்து, முன்கூட்டியே புரட்டி வரைந்திருந்தாள்.

"நீங்க திருப்பினீங்களா? நானும்தானே திருப்பிச் செதுக்கினேன்!" என்றாள் பல்லழகி. வாழ்நாள் முழுக்கக் குழியைப் பார்த்து மேட்டைச் செய்கிறவள். அவளுக்கும் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஒருத்தி சரியாகத் திருப்பியதை இன்னொருத்தியும் சரியாகத் திருப்பிவிட்டாள். ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டிருந்தால் போதும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தையற்காரி தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கிரீமோடு இறுகிப் பிடித்திருந்தது. உரித்தால் தோலோடு வரும்.

"சுவத்தோரம் தள்ளி வச்சுடலாம்" என்றாள். "கதவு இருக்கற பக்கம் சுவத்தைப் பார்த்து இருக்கட்டும். முன்னாடி நின்னு பார்த்தா என்ன தெரியப்போகுது?"

"அவரா? மாட்டுவண்டியா இருந்தாலும் ஒரு சுத்து சுத்தி டயரைத் தட்டிப் பார்க்காம ஏற மாட்டாரு" என்றார் மாமியார். ஆனாலும் மேசையை மூன்று பேரும் சேர்ந்து சுவரோரம் நகர்த்தினார்கள். பேருந்து குலுங்கியது. டிரைவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். சீருடையில் கடைசித் தடவை. கையில் சாவி இல்லாததால் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவரைப் போல விரல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பின்னால் கணவன், தையற்காரியைப் பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டான். மாமனார் பேருந்தின் பச்சைப் பட்டையைப் பார்த்தார், முன்கண்ணாடியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். பிறகு, யாரும் தடுப்பதற்குள், மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிஸ்கட் சக்கரத்தை விரலால் தட்டினார். டிரைவர் பக்கம் வந்ததும் நின்றார்.

"இத யாரு பண்ணது?" என்று சுவரிடம் கேட்டார்.

பல்லழகி கையைக் காட்டத் தயாராக இருந்தாள். அதற்குள் தையற்காரியே, இன்றைக்கு எந்திரத்தைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் மாமா. கதவு மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா? ஏம்மா, ஆளு எங்கிருந்து ஏறுவான்? ரோட்டு நடுவுல நின்னா? பின்னாடி லாரி வருது, இவன் இறங்குறான், என்னாவான்? நான் கண்ணாடில எந்தப் பக்கம் பாக்குறது? கைக்குழந்தையோட ஒரு அம்மா இறங்குறாங்கன்னு வை, அந்தப் பக்கம் படி இல்ல, இந்தப் பக்கம் வண்டி வருது. நீயே சொல்லு!"

அவர் யாரிடம் பேசுகிறார் என்பதை அவரைத் தவிர எல்லோரும் கவனித்துவிட்டார்கள். பல்லழகி தன் அம்மாவின் கையைக் கிள்ளினாள். அம்மா அவள் கையைத் திருப்பிக் கிள்ளினார்.

"நான் ஒரு தடவை திருப்பினேன் மாமா, உங்க பொண்ணும் ஒரு தடவை திருப்பிட்டா. தனித்தனியா பார்த்தா ரெண்டு பேரும் சரிதான்."

"தனித்தனியா சரியா இருந்து என்ன பிரயோசனம்? வண்டி ஒண்ணுதானே?"

"கேட்டுக்கலை. அதான் தப்பு."

அவர் மீசையை ஒரு தடவை நீவினார். பிறகு முட்டியில் கை ஊன்றி, சிரமப்பட்டுக் குனிந்து, கண்ணை ஜன்னலுக்கு நேராக வைத்து வண்டிக்குள் பார்த்தார். டிரைவரின் பற்களை ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது சீருடையின் சட்டைக்கையில் பச்சைக் கிரீம் அப்பியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. மேசையில் கேக் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தார். எடுத்தவர், கூர்மையான பக்கத்தைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

"ஏற வழி இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார். "எனக்கு இப்ப கை நடுங்கும். நீ வெட்டிப் பழகினவ. அங்க, முன்சக்கரத்துக்குப் பின்னாடி, நடைபாதைப் பக்கம் ஒரு கதவு வெட்டிக் குடும்மா."