யாரு வீட்டுப் பிள்ளை

1999 ஜூலையில், காரைக்குடியை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில், அரசாணைப்படி பதினோராம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கியது.

பள்ளிக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. அதனால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க, மாணவி செந்தாமரை ஒரு சனிக்கிழமை டவுனில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அங்கே சாட்டில் முகம் தெரியாத ஒருவன் அவள் யார், எந்த ஊர் என்று கேட்டான். யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் இந்தப் பக்கத்து ஊர்களில் முழுதாகச் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். செந்தாமரை ஊர், தெரு, அப்பா பெயர், அவருடைய உரக்கடை, கடையின் போன் நம்பர் எல்லாவற்றையும் டைப் செய்து அனுப்பினாள்.

மறுநாளிலிருந்து கடைக்குப் போன் வந்தது. பேசியவன் செந்தாமரையை மட்டும் கேட்டான். அவளுடைய அப்பா சேவுகப்பெருமாள் மகளையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"வேற குரூப்புக்கு மாத்திருங்க சார். யாவாரம் பேசுற போன்ல கண்ட பயலும் பேசுறான்."

கம்ப்யூட்டர் ஆசிரியை இன்பமேரி குறுக்கிட்டார். "வகுப்புல இவதான் முதல் மார்க்குங்க. யாருகிட்ட எதைச் சொல்லக் கூடாதுன்னு நாங்க சொல்லிக் குடுக்கலை. ஒரு பீரியட் போதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிர்றேன்."

"அப்படிச் சொல்லிக் குடுத்தா இருக்கட்டும்" என்றார் சேவுகப்பெருமாள்.

தலைமையாசிரியர் உபகாரசாமி சுவரில் ஒட்டியிருந்த அரசாணையைக் காட்டினார். "இதுல அது எங்க இருக்கு டீச்சர்? கம்ப்யூட்டரோட வரலாறு, பாகங்கள், வகைகள். இல்லாததை ஏன் நடத்துனீகன்னு ஆய்வுக்கு வர்றவுக கேட்டா?"

"தெருவுல நாய் கடிக்கும்னு சொல்றதுக்கும் ஆணை வேணுமா சார்?"

"கம்ப்யூட்டர் கடிக்கும்னு எங்கயும் எழுதலையே."

செந்தாமரை அப்பாவைப் பார்த்தாள். "கேட்டவுகளுக்குப் பதில் சொல்லணும்னு நீங்கதானப்பா சொன்னீக?"

"அது எதுக்க நிக்கிற ஆளுக்கு ஆத்தா. மூஞ்சி தெரியாதவனுக்கு என்ன மரியாதை?"

"இதைத்தான் சார் வகுப்புல சொல்லணுங்கிறேன்!" இன்பமேரியின் குரல் வராந்தா வரை கேட்டது.

"மேல எழுதிக் கேப்போம். ஆணை வரட்டும்."

"அதுவரைக்கும் போன் பண்ணுறவன் பொறுத்திருப்பானா?" என்றார் இன்பமேரி.

உபகாரசாமி மறுபடியும் சுவரிலிருந்த அரசாணையைக் காட்டினார். சேவுகப்பெருமாள் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப மாத்திருங்க" என்றார்.

செந்தாமரை வரலாற்றுக் குரூப்புக்கு மாற்றப்பட்டாள். உரக்கடையின் போன் நம்பரும் மாறியது. ஆண்டுத் தேர்வு வரை ஆணை வரவில்லை. கம்ப்யூட்டர் வினாத்தாளின் பெரிய கேள்வி, கம்ப்யூட்டரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னது.