மூஞ்சியில் முழிக்காதே

"பாத்துட்டே இல்ல? கெளம்பு."

"இன்னாத்தப் பாத்தேன்? உள்ள படுத்திருக்கறது அப்பாவா, பின்தெருக்காரரான்னே தெரியல!"

ஐஸ்பெட்டிக்கு இந்தப் பக்கம் பூர்ணிமா, அந்தப் பக்கம் அவள் அண்ணன் நவநீதன். பள்ளிகொண்டாவில் அந்தத் தெரு முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. துக்க வீட்டுச் சண்டையைக் கேட்கக் கூடாது என்று யாரும் எழுந்து போய்விடவில்லை.

விஷயம் இதுதான். சத்துவாச்சாரி ஜோனதனை இவள் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று அப்பா பச்சையப்பன் சொல்லிவிட்டார். மகளும் ரோஷக்காரி, முழிக்கவில்லை. இப்போது அவர் செத்த பிறகு வந்து நிற்கிறாள். தெருக்காரர்கள் பேசி ஒரு சமாதானம் செய்தார்கள்: பெட்டிக்குள் இருக்கும்போதே பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், குளிப்பாட்ட வெளியே எடுக்கும்போது இருக்கக் கூடாது. அவளும் சரி என்றாள். பெட்டியின் பிளாஸ்டிக் மூடி வெளுத்து மோர் நிறத்தில் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

"சொன்ன சொல் மாறாத மனுஷன்" என்று பந்தலில் ஒருவர் முணுமுணுக்க, பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கப் போய் டீயைச் சிந்தினார்.

பெட்டிக்காரன் ஆரோக்கியசாமி கையைப் பிசைந்தான். "வெயில்ல ஏத்தி எறக்கி மங்கிடுச்சும்மா. இப்போ தொறந்தா கூலிங் போய்டும்."

பச்சையப்பனுக்குப் போய் இப்படியொரு மூடி வாய்த்ததுதான் வேடிக்கை. டிராக்டர் கூண்டுக்கு ரெக்சின் தைப்பவர் அவர். புழுதியிலும் வெயிலிலும் கூண்டின் பிளாஸ்டிக் ஜன்னல் வெளுத்து, டிரைவருக்கு வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தால் குடியாத்தத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். தேறாததை வெட்டியெடுத்துப் புது ஷீட் வைத்துத் தைப்பார். தேறுவதைத் தேய்த்துத் தருவார். தேய்ப்பது அவர் மனைவி சுந்தரி என்பது தெருவுக்கு மட்டும் தெரியும். பேர் அவருக்கு, தோள்வலி அவளுக்கு.

சுந்தரி காலையிலிருந்து சுவரில் சாய்ந்து கிடந்தாள். அழுது ஓய்ந்தாளா, அழவேயில்லையா என்பதில் தெருவில் இரண்டு கட்சி. அவர் 'முழிக்காத' என்றபோது வாயைத் திறக்காதவள். அதன்பிறகு மகளின் போனைக்கூட எடுக்காதவள். இப்போது தரையில் கையூன்றி எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஜன்னல் தேய்க்கிற வாட்டர் பேப்பரும் பாலிஷ் பேஸ்ட்டும், ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் துண்டும் இருந்தன.

"இன்னா சுந்தரி இது, இந்த நேரத்துல?" என்றாள் எதிர்வீட்டு அன்வரி பேகம்.

சுந்தரி மூடிமேல் முகத்துக்கு நேராகக் கிடந்த மாலைகளை ஒதுக்கினாள்.

"அம்மா, அப்பா சொன்னது ஞாபகம் இருக்கு இல்ல?" என்றான் நவநீதன்.

"இருக்கு. நகரு, வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்தான். சுந்தரி நிமிராமலே தண்ணீர்ச் சொம்பை மகள் பக்கம் தள்ளினாள்.

"ஊத்து."

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை. பூர்ணிமா ஊற்றினாள். அம்மா பேப்பரால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை வெள்ளையாக வழிந்தது. சுந்தரிக்கு மூச்சு வாங்கியது; கையை மாற்றிக்கொண்டாள். பிறகு பேஸ்ட், பிறகு தோல். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மூடி தெளிந்தது.

"பாரு" என்று விலகினாள்.

நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. மீசை முழுக்க நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று யாரையும் கேட்க முடியவில்லை. பூர்ணிமா குனிந்தே இருந்தாள். அவள் மூச்சுப்பட்டு மூடி மங்க, சுந்தரி தோலால் ஒரு தரம் துடைத்துவிட்டாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் வந்ததும், பூர்ணிமா யாரும் சொல்லாமலே தெருமுனையில் ஸ்கூட்டரோடு நின்ற ஜோனதனிடம் போய்விட்டாள். 'இரு' என்று சொல்ல நவநீதன் வாயெடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. சொன்னதாக இல்லை.

சுந்தரி இனி சத்துவாச்சாரியில் மகளோடுதான் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஏமாந்தது. காரியம் முடிந்ததும் நவநீதன் ஆம்பூருக்குக் குடிபோனான். அம்மாவும் அவனோடுதான் போனாள். ஆரோக்கியசாமி பெட்டிக்குப் புது மூடி போட்டான், குடியாத்தத்தில் பெண்ணும் எடுத்தான்.

போன வாரம் அன்வரி பேகம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் தாயையும் மகளையும் பார்த்தாளாம்.

"ரெண்டு பேருக்குள்ளயும் ஒரு பேச்சு கெடையாது. சும்மா ஒக்காந்துனு இருக்காங்க."

சுந்தரி கமலாப்பழம் உரித்துக்கொண்டே இருந்தாளாம். பூர்ணிமா தின்றுகொண்டே இருந்தாளாம்.