‘போலே லா’ என்பது ஆதரவு அன்று

1

வாசகப் பெருமக்களுக்கு வணக்கம். இதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. எழுதிப் பழகியவை கூட்டக் குறிப்புகள். அவற்றுள் ஒன்றில் நான் செய்த பிழையிலிருந்துதான் இக்கதை பிறந்தது.

ரவாங்கில் இயங்கும் ரப்பர்ப் பொருள் உற்பத்தியாளர் சங்கமொன்றில் நான் எழுத்தர். சுங்க வரியை மாற்றுவதற்கு முன் அமைச்சு எங்களைப் போன்ற சங்கங்களிடம் கருத்துக் கேட்கும். நாங்கள் கூடிப் பேசி மகஜர் அனுப்புவோம். பின்னர் அது விதியாக வெளிவரும்போது, சில வேளைகளில் என் வாக்கியங்களே அதில்... (பெருமைபோல் ஒலிக்கிறது. மன்னிக்கவும்.)

2

முதல் தொடக்கம்: செரண்டா இரயில் நிலையத்திற்குப் பின்னே, மழை ஓய்ந்த ஒரு மாலையில்,

(இல்லை. கூட்டம் நடந்தது காலை பத்து மணிக்கு. ரவாங்கில், குளிர்சாதன அறையில். மழையும் இல்லை.)

இரண்டாம் தொடக்கத்தில் குறிப்பெழுதும் பெண்ணுக்கு ரூபினி என்று பெயரிட்டேன். அவள் எழுந்து நின்று துணிச்சலாகப் பேசினாள். அப்படிப் பேசக்கூடியவள் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டாள் என்பதால் அவளை நீக்கிவிட்டேன். குறிப்பெழுதியவள் நான்.

3

அமைச்சு கேட்டது ஒரே கேள்வி: வெளிநாட்டு ரப்பர் தகடுகளுக்கான இறக்குமதி வரியை ஐந்து விழுக்காட்டிலிருந்து பதினைந்தாக உயர்த்தலாமா?

சங்கத் தலைவர் திரு. சிவநேசன் அத்தகடுகளை இங்கேயே தயாரிப்பவர். திரு. அம்புரோஸ் அவற்றை வெளியிலிருந்து வாங்கி, குழாய்களுக்கான வாஷர்களாக வெட்டி விற்பவர். செரண்டாவில் சிறு பட்டறை, பதினொரு தொழிலாளர்.

“என்னா அம்புரோஸ், பதினஞ்சு ஆக்குனா ஒங்க பட்டறை தாங்குமா?” என்றார் தலைவர்.

“போலே லா, தலைவரே.”*

“பாத்தீங்களா! இந்த ஆளு எதையும் தாங்குவாரு.”

“நீங்க வரிய ஏத்துங்க. நான் பட்டறைய மூடிட்டு ஒங்க கம்பெனி கேட்டுல காவலுக்கு ஜாகாவா நிக்கிறேன். யூனிபாரம் நல்லாருக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பைப் பதிவு செய்யும் வழக்கமில்லை. ஆகவே நான் எழுதியது இது: “சிறு உற்பத்தியாளர்கள் வரி உயர்வைத் தாங்க இயலும் எனத் தெரிவித்தனர்.”

_* ‘போலே’ என்றால் மலாய் மொழியில் ‘முடியும்’. ‘லா’வைச் சேர்த்து இழுத்துச் சொன்னால், ‘ஏதோ ஓடுது, வேற என்ன செய்றது’. இழுப்பை எழுத மகஜரில் கட்டம் இல்லை. ஒருவரைப் பலராக்கியதும் நானே. அவ்வாறு எழுதுவது முறையாகத் தோன்றியது._

4

அந்த வாக்கியம் அப்படியே மகஜரிலும் ஏறியது. நேற்று அதன் நகலைப் படித்துவிட்டு அம்புரோஸ் அண்ணன் அழைத்தார்.

“தங்கச்சி, நான் எப்பம்மா முடியும்னு சொன்னேன்?”

“போலே லான்னு சொன்னீங்க, அண்ணே.”

“நீயும் இந்த ஊருதானம்மா?” என்றார்.

தலைவரிடம் சென்று சொன்னேன். “கூட்டத்துலயே சொல்லியிருக்கணும் லா. இப்ப மாத்துனா மறுபடியும் எல்லாரையும் கூப்பிடணும். நாளைக்கி பன்னண்டு மணிக்குள்ள அனுப்பிரும்மா,” என்றார் அன்பாகவே.

அவரை வில்லனாக்க இரண்டு பத்திகள் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. வரி உயர்ந்தால் அவருடைய தொழிற்சாலையில் முந்நூறு பேரின் வேலை நிலைக்கும். அதை அவர் மெய்யாகவே நம்புகிறார்.

5

முடிவு அ: உள்ளதை உள்ளபடியே அனுப்புகிறேன். வரி உயர்கிறது. செரண்டாவின் பதினொரு பேர்

(இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: வாக்கியத்தைத் திருத்தி அனுப்புகிறேன். தலைவர் அறிகிறார். எனக்கு வேலை போகிறது. அமைச்சிலோ வாக்கியங்களைப் படிக்காமல் ஆதரவு, எதிர்ப்பு என்று எண்ணிக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

6

முடிவைத் தங்களிடம் ஒப்படைக்க எண்ணியிருந்தேன். அதுவே பண்பு என்று கருதினேன். ஆனால் தங்களால் எனக்குப் பதில் சொல்ல இயலாது. பதில் வராவிட்டால் சங்கத்தில் நாங்கள் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக்கொள்வோம். தங்கள் பெயரிலும் நான் அப்படியே எழுதியிருப்பேன்.

ஆகவே, பொறுத்தருள்க, தங்களைக் கேட்கப் போவதில்லை. இன்று வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று நாற்பது. கோப்பைத் திறந்து அந்த வாக்கியத்தை அழித்துவிட்டேன். அதனிடத்தில் எழுத என்னிடம் சொந்த வாக்கியம் ஏதுமில்லை. கைப்பேசியில் அழைப்பு போகிறது.

“அண்ணே, நான்தான். தாங்குமா தாங்காதான்னு நீங்களே சொல்லுங்க. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, நான் அப்படியே...”