பாப்பம்மா பேசி முடித்த கல்யாணம்

கருப்பாயியைப் பற்றிய குறைகளையெல்லாம் கருப்பாயியிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டாள் பாப்பம்மா.

"அந்தக் கருப்பாயி இருக்காளே தங்கச்சி, பெரிய கைகாரி. வந்த மூணாம் நாளே எங்க வீட்டு ஆளை முந்தானையில முடிஞ்சிக்கிட்டா. குழம்பு வைக்கத் தெரியுமா அவளுக்கு? புளியக் கரைச்சி அப்படியே ஊத்தி எறக்கிருவா. அதுக்கே அந்த மனுசன் விரலச் சப்புறாரு!"

மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்த கருப்பாயி தலை நிமிராமல் கேட்டாள். "அப்படியாக்கா? அவ்வளவு மோசமா அவ?"

"மோசமாவா? நீ அவ மொகத்தப் பாத்ததில்ல. பாத்தா நீயே சொல்லுவ."

கருப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பேச்சைக் கேட்டிருந்தால் அரிவாள்மணையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போயிருப்பாள்.

மலாயாவில், கோலா கெத்திலுக்கு மூன்று மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் அய்யாவு பால் வெட்டினான். பாப்பம்மா அவனுடைய மூத்த சம்சாரம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று அய்யாவு கருப்பாயியை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பாப்பம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கதவு திறக்கவில்லை. புதுப்பெண் மாலையும் கழுத்துமாகப் பக்கத்து வீட்டு ராமையாவின் வீட்டில் போய்ப் படுத்தாள்.

பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். கருப்பாயியின் வயிற்றிலும் பிள்ளை தங்கவில்லை. ஆனாலும் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. "அவகிட்டச் சொல்லு, வாளிய எடுத்து ஓரமா வைக்கச் சொல்லு" என்று நடுவில் அய்யாவை வைத்துக்கொண்டே பதினான்கு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை பங்களாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தோட்டத்து மணியைக்கூட ஜப்பான் நேரத்துக்கு மாற்றி வைத்தார்கள். பாப்பம்மா அந்தச் சமயத்தில்தான் தடுமாற ஆரம்பித்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் நின்றுவிடுவாள். வெட்டின மரத்தையே மறுபடியும் வெட்டுவாள். மணி மாறிய குழப்பம் என்றுதான் அய்யாவு முதலில் நினைத்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் "ஏன் எனக்குச் சோறு போடல?" என்று கேட்டபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரஸ்ஸரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். கேட்க ஆளில்லை. காத்து கருப்பு என்று சிலர் சொல்ல, முனியாண்டி கோயிலில் திருநீறு வாங்கிப் பூசினார்கள். ஒன்றும் மாறவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அய்யாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயதை யார் பார்த்தார்கள்? பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அய்யாவு கருப்பாயியைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"அவள விட்டுறாத."

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கருப்பாயிக்கு வயிறெரிந்தது. ஆனாலும் சக்களத்திக்குக் கஞ்சி ஊற்றினாள். ஆள் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம்தான். பாசமெல்லாம் இல்லை. வேண்டுமென்றே நடிக்கிறாளோ என்ற சந்தேகம்கூட இருந்தது.

அந்தச் சந்தேகம் போனது உப்பினால்.

உப்பு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம். ராமையா சைக்கிளை மிதித்துக்கொண்டு யான் என்ற ஊரின் கடற்கரைவரை போய், கடல்தண்ணீரைக் காய்ச்சுகிறவர்களிடம் கொஞ்சம் உப்பு வாங்கி வந்தார். அதில் ஒரு சிரட்டை கருப்பாயிக்குக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு வரவேண்டிய உப்பு. அவள் கொல்லைக்குப் போய்விட்டு வருவதற்குள் பாப்பம்மா அதை மொத்தமாகக் கிழங்குச் சட்டியில் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

கருப்பாயி கையை ஓங்கிவிட்டாள். பாப்பம்மா சுவரோடு ஒண்டி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"அடிக்காதீங்கம்மா. நான் போடல. வேற யாரோ வந்து போட்டாங்க."

நடிப்பில்லை என்று கருப்பாயிக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தன்னை முறைத்த கண்ணில் முறைப்பு போன இடமே தெரியவில்லை. தான் யாரென்றே அந்தப் பொம்பளைக்குத் தெரியவில்லை. ஓங்கிய கையால் அவள் தலையைத் தடவினாள். முடியில் சிக்கு விழுந்திருந்தது. கருப்பாயி தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு எழுந்து, கிழங்கை வேறு தண்ணீரில் அலசினாள். சட்டியிலிருந்த உப்புத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு குடுவையில் ஊற்றி வைத்து, பத்து நாள் அதையே உப்பாக வைத்துச் சமைத்தாள். அன்றைக்கே ஒரு அடுப்பைக் கலைத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். குளிக்க வா என்று இழுத்தால் பாப்பம்மா கடிப்பாள். "அக்கா, என் முதுகுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று கேட்டால் தானே தொட்டிக்கு வந்து, இரண்டு வாளி இவளுக்கு ஊற்றி, ஒரு வாளி தன் தலையில் ஊற்றிக்கொள்வாள். அரிசி கண்ட நாளில் அதைக் கோழிக்கு இறைத்துவிடாமல் இருக்க, கையில் மணலும் சுளகும் கொடுத்து "இதுல கல்லு பொறுக்கிக் குடுங்க" என்றால் போதும், ஒரு மத்தியானம் ஓடிவிடும். கொல்லையில் மரவள்ளிக்கு மண் அணைக்கும்போது, இருவரின் இடுப்பிலும் ஒரு பழைய சேலைத் துண்டின் இரு நுனிகளைக் கட்டிக்கொள்வாள்.

பாப்பம்மாவும் இவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கிருந்து வந்தவள், யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று மட்டும் தினம் நாலு தடவை கேட்பாள். கருப்பாயியிடம் அப்படிக் கேட்க அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

நாற்பத்தைந்தாம் வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பின்பக்கத்து ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆள் தடி ஊன்றி வந்தான். தாடி, எலும்பு, முழங்காலுக்குக் கீழே இலை வைத்துக் கட்டிய புண். இருமிய இருமலை வைத்துத்தான் கருப்பாயிக்கு ஆள் தெரிந்தது. கையிலிருந்த மங்குக் கிண்ணம் கீழே விழுந்தது.

"என்னங்க..." என்று அவள் ஓடுவதற்குள் பாப்பம்மா விறகுக் கட்டையோடு வாசலை மறித்துக்கொண்டாள்.

"யாருடா நீ? பொம்பளைங்க மட்டும் இருக்குற வீட்டுல ஒனக்கு என்ன வேல?"

"பாப்பம்மா, நான்தான் புள்ள. அய்யாவு."

"எம் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டு ஆளு பேர வேற சொல்றான் பாரு தங்கச்சி! போடா!"

கட்டை உயர்ந்தது. கருப்பாயி குறுக்கே விழுந்தாள். "அக்கா, அக்கா, இவரு வெறகு வெட்டிக் குடுக்க வந்தவரு. நான்தான் வரச்சொன்னேன்."

"அத மொதல்லயே சொல்றதில்லயா?" பாப்பம்மா கட்டையை இறக்கினாள். "அப்ப வெளிய ஒக்காரச் சொல்லு. உள்ள வரக்கூடாது."

பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் அய்யாவு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். புண்ணைக் கழுவிக்கொண்டே கருப்பாயி நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் முகாமிலிருந்து தப்பி, சயாம்காரர்களின் கிராமங்களான கம்பங்களில் கூலி வேலை செய்து, காட்டு வழியாக எல்லை தாண்டியிருந்தான். அகப்பட்டால் மறுபடியும் பிடித்துக்கொண்டு போவார்கள். சேதி ராமையாவுக்கு மட்டும் தெரிந்தது. உருக்குலைந்த அவனை மற்றவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை; அவர்களுக்கு அவன் விறகு வெட்ட வந்த ஆள்.

உடம்பு தேறத் தேற உண்மையாகவே விறகு வெட்டினான். பாப்பம்மா தூரத்தில் நின்று பார்ப்பாள். நாலாம் நாள் தன் பங்குக் கிழங்கில் பாதியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் ஜப்பான் சிப்பாய் ஒருவனும் தோட்டத்துக் கணக்கு எழுதும் புதுக் கிராணியும் லயத்துக்கு வந்தார்கள். ஓடிவந்தவர்களைத் தேடும் சோதனை. கிராணி வேறு தோட்டத்திலிருந்து வந்தவர், அய்யாவின் முகம் அவருக்குத் தெரியாது. ஆனால் பெயர் காகிதத்தில் இருந்தது. அய்யாவு கொல்லையில் கோடாரியும் கையுமாக நின்றான். ஓட வழியில்லை.

"அய்யாவு வந்தானா?" என்று கிராணி கேட்டார்.

கருப்பாயி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாப்பம்மா முன்னால் பாய்ந்து கிராணியின் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க வீட்டு ஆளா? வந்துட்டாரா? எங்க? நீங்கதான கூட்டிக்கிட்டுப் போனீங்க, எங்க வச்சிருக்கீங்க அவர?"

"ஏம்மா, விடும்மா. அந்தா நிக்கிறானே, அது யாரு?"

பாப்பம்மா திரும்பிப் பார்த்தாள். "அதுவா? அது வெறகு வெட்டுறவன். எம் புருசன எனக்குத் தெரியாதா? அவரு மல மாதிரி இருப்பாரு. இவன் ஓணான் மாதிரி இருக்கான். போயி அவரக் கொண்டாந்து விடுங்க சாமி. மழைக்கு முன்ன கூரைக்கு அத்தாப்பு ஓலை மாத்தணும், அவரு வந்தாத்தான் ஆகும்."

சொல்லிக்கொண்டே அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிப்பாய் என்னவென்று கேட்க, கிராணி கையால் பாதியும் வாயால் பாதியுமாக விளக்கினார். சிப்பாய் அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பொய் அழுகை இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தில் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அவர்கள் போன பிறகும் பாப்பம்மா அழுகையை நிறுத்தவில்லை. கொல்லையில் அய்யாவு கோடாரியை இறக்காமல் நின்றபடியே நின்றான். பத்தடி தூரத்தில் தன்னைத் தேடி அழுகிற பெண்சாதியிடம் வந்துவிட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. கருப்பாயிதான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "வந்துருவாருக்கா. கெளம்பிட்டாராம்."

அந்தச் சோதனைக்குப் பிறகு பாப்பம்மாவுக்கு விறகுக்காரன்மேல் ஒரு கண் விழுந்தது. ஒரு நாள் பசியாறிக்கொண்டிருந்தவனிடம் போய்க் குந்தினாள்.

"ஒனக்குக் கல்யாணம் ஆச்சா?"

அய்யாவு கருப்பாயியைப் பார்த்தான். கருப்பாயி அவசரமாக, "இல்லக்கா" என்றாள்.

பாப்பம்மா அவளைத் தனியாக வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லுவேன், தட்டக்கூடாது. நீ எத்தன நாளைக்கு இப்படி ஒத்தையில கெடப்ப? இவனக் கட்டிக்க."

"என்னக்கா சொல்றீங்க!"

"நான் நல்லாப் பாத்துட்டேன். தின்ன மங்க அவனே கழுவி வைக்கிறான். குடிக்கல. கத்தல. ஒடம்புதான் எலும்பா இருக்கு, நாம ஆக்கிப் போட்டாத் தேறிருவான். நீ கஷ்டப்பட்டவ, ஒனக்கு ஒரு ஆளு வேணாமா?"

கருப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இவரக் கட்டிக்கிட்டா ஒங்களுக்கு மனசு வருத்தம் ஒண்ணும் இல்லையேக்கா?"

"எனக்கு என்ன வருத்தம்? பைத்தியமா நீ?" பாப்பம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "சந்தோசம்தான்."

விட்டுவிடுவாள், மறந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறக்கிறவள் இதை மட்டும் மறக்கவில்லை. தினமும் "எப்ப, எப்ப?" என்று கேட்டாள். ராமையாதான் முடிவுக்கு வந்தார். "சும்மா கேக்குது லா பாவம். செஞ்சிருங்களேன். என்ன கெட்டுப்போச்சி?"

மாரியம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கருப்பாயியின் தங்கத் தாலி எப்போதோ அரிசியாகிவிட்டிருந்தது. கழுத்தில் கிடந்தது அழுக்கேறிய கயிறு மட்டும்தான். பாப்பம்மா புதுக்கயிறுக்குத் தன் கையாலேயே மஞ்சள் தேய்த்தாள். மாலைக்குக் கொல்லைச் செம்பருத்தி. அய்யாவு கயிற்றைக் கட்டினான். "நல்லா இறுக்கி முடி போடு" என்று பாப்பம்மா அதட்டினாள். கருப்பாயி அவள் காலில் விழுந்தாள். பாப்பம்மா குனிந்து தூக்கி, நெற்றியில் குங்குமம் வைத்து, "நல்லா இரு. நல்லா இரு" என்றாள். ராமையா திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தங்கச்சி புருஷன் ஆகிவிட்டபடியால் அன்றிலிருந்து அய்யாவு வீட்டுக்குள் வரலாம் என்றாயிற்று. அவனைத் "தம்பி" என்று கூப்பிட்டாள். கட்டிய பெண்சாதி வாயால் தம்பி என்று கேட்கும்போது முதலில் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகி, "என்னக்கா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். அவள் சிரித்தால் அவனுக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஆகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றான். துரைமார்கள் திரும்பி வந்தார்கள், அரிசி வந்தது. அய்யாவு மறுபடியும் தன் பெயரிலேயே பால் வெட்டப் போனான். பாப்பம்மா அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தாள். கடைசி மாதங்களில் பேச்சு போய்விட்டது. கருப்பாயி ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். ஒரு மழைநாள் காலையில், கஞ்சி குடித்துவிட்டு அவள் தோளிலேயே சாய்ந்து கண்ணை மூடினாள்.

சாவைப் பதிய இருவரும் கோலா கெத்தில் ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்த கிராணி பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, முன்னால் நின்ற கருப்பாயியிடம் கேட்டார்.

"எறந்தவங்க ஒனக்கு என்ன வேணும்?"

"அக்காங்க."

"கூடப் பொறந்த அக்காவா?"

அய்யாவு பக்கத்தில்தான் நின்றான். 

"ஆமாங்க" என்றாள் கருப்பாயி.