பேரில் மட்டும் கறுவா

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் ரயில் போனால், யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள்ளால் போகிற மாதிரி இருக்கும். அப்படியொரு ஒழுங்கையில், ஒரு மதிலின் இரண்டு பக்கமும் நின்ற இரண்டு மரங்களின் கதை இது. கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

மதிலின் மேட்டுப் பக்கம் ஹமீடின் வீடு. புடவைக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த மனிதர். அவருடைய முற்றத்தில், வெட்டினால் உள்ளே வெண்ணெயாய்க் குழைகிற பச்சைப் பழம் காய்க்கும் ஒரு பெரிய மரம். அவர் அதைச் சிங்களத்தில் அலிகெட்டபேர என்பார். நாகேஸ்வரி பட்டர்புரூட் என்பாள். நோன்பு மாதத்தில் அந்த மரம் ஒழுங்கை முழுவதற்கும் பழம் கொடுக்கும்.

பள்ளப் பக்கம் நாகேஸ்வரியின் வீடு. அவள் யாழ்ப்பாணத்து முறையில் மிளகாய்த்தூள் வறுத்துக் கொடுப்பவள். வறுப்பது கையின் வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது மூக்கின் வேலை. மல்லி பச்சை வாசம் விட்டு இனிப்பு வாசத்துக்கு மாறுகிற ஒரு கணம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் கருகல்தான். கொரோனா வந்துபோன வருடம் அவளுடைய மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, வாசம் மட்டும் திரும்பி வரவில்லை. வறுக்கிற தாச்சியை அவள் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஒருநாள் மதிலோரம் குப்பை கூட்டும்போது, கொட்டாஞ்சேனையிலிருந்து எப்போதோ கன்றாகக் கொண்டுவந்து நட்ட கறுவாப்பட்டை மரத்தின் இலையொன்று அவள் விரலில் கசங்கியது. எங்கேயோ தூரத்துக் கதவு திறந்த மாதிரி, நூல் போல ஒரு வாசம். அவள் அப்படியே நின்றாள். ஒவ்வொரு நாளும் அதையே மணந்து பாருங்கோ, மூக்கு மெல்ல மெல்லப் பழகும் என்று டொக்டரும் சொன்னார். அன்றிலிருந்து விடிந்ததும் ஒரு இலை. உலகத்தில் அவளுக்கு மணத்தது அது ஒன்றுதான். வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஹமீடின் மரம் உச்சியிலிருந்து வாடத் தொடங்கியது. இலை சிறுத்து, வெளிறி, உதிர்ந்தது. பூஞ்சணத்துக்குப் போடுகிற பங்கசு மருந்து என்று கடைக்காரன் கொடுத்ததை ஊற்றினார், பலனில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் செடிகளின் நோய் பற்றிப் படிப்பிக்கிற அவருடைய மகள் ஷிம்னா, வேரில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள். பதில் தொலைபேசியில் வந்தது. அடுத்த நிமிடமே ஹமீடின் தலை மதிலுக்கு மேலே வந்தது.

"தங்கச்சி, நோய்ட பேர் வந்திட்டு!"

"என்னவாம் நானா?"

"பைட்டொப்தோரா சின்னமோமி. வெளங்கிச்சா? சின்னமன்! கறுவா! ஒங்கட மரத்தில ஈந்துதான் வந்தீக்கி."

"பேரில இருந்தால் அதுதான் செய்தது எண்டே?"

"பின்ன? படிச்ச ஆக்கள் சும்மா பேர் வெப்பாங்களா? வெள்ளிக்கிழம கொப்பு வெட்ட ஆள் வாரான். அவனுக்கிட்டயே செல்லி இதயும் அடியோட எடுத்துடுவோம். கோவிச்சுக்காதீங்க. ஒரு மரம் நோயாளி எண்டா மத்த மரமாவது தப்பணும்தானே."

நாகேஸ்வரி கறுவாவைப் பார்த்தாள். "அது என்ர மூக்கு, நானா" என்றாள்.

"மூக்கா?" ஹமீட் சிரித்தார். பகிடி என்று நினைத்து இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ஷிம்னா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மதிலில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"வாப்பா, நூறு வருஷத்துக்கு முந்தி சுமாத்ராவில இத மொதல்ல கண்டது கறுவா மரத்தில. அதால அந்தப் பேர். கண்ட எடத்த வெச்சி பேர் வெச்சாங்க, குத்தத்த வெச்சி இல்ல. பைட்டொப்தோரா எண்டது கூட்டத்துட பேர். சின்னமோமி எண்டது ஆள்ட பேர்."

"எங்கட பேர் மாதிரித்தான்" என்றாள் நாகேஸ்வரி மெதுவாக. "முன்னுக்குத் தகப்பன், பின்னுக்கு ஆள். பொன்னம்பலம் நாகேஸ்வரி."

"அதேதான் ஆன்டி."

ஹமீட் விடவில்லை. "பேர்ல ஈக்கிது பழத்தில ஈக்காதா?"

"நீங்க அலிகெட்டபேர எண்டு செல்றீங்களே, சிங்களத்தில அலி எண்டா ஆனைதானே? இங்கிலீசில அத அலிகேட்டர் பெயார், முதலப் பழம் எண்டாங்க. எங்கட ஆக்களுட வாயில அது ஆனையாப் போச்சி. இந்த மரத்தில எங்க வாப்பா ஆனை? எங்க முதல?"

ஹமீட் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். உண்மையாகவே தேடுகிறவர் மாதிரித்தான் இருந்தது.

"மருந்து கேக்காததும் அதாலதான்" என்றாள் ஷிம்னா. "பாக்க பங்கசு மாதிரி ஈக்கும். படிச்ச ஆக்களும் கனகாலம் பங்கசுக் கூட்டத்திலதான் வெச்சீந்தாங்க. பொறகு உடம்புட சுவர், பரம்பரை எல்லாம் பாத்தா, அது கடற்பாசிட சொந்தம்."

"கடப்பாசியா? நோம்புக்குக் காச்சுற கடப்பாசியா?"

"அது சிவப்பு. இது மண்ணிறப் பாசிட தூரத்துச் சொந்தம். அதுக்கு நீந்தத் தெரியும். மழத் தண்ணியில ரெண்டு வால ஆட்டிக்கொண்டு வேரத் தேடிப் போகும்." சிரிப்பு நின்றது. "ஆனா ஆன்டி, பொய் செல்ல மாட்டேன். கறுவாவுக்கும் இது வரும். ஒங்கட மரத்து அடியிலயும் ஈந்தா, வாப்பா செல்றதுதான் சரி. பாத்துடுவோம்."

இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகள் வந்தன. ஒன்றில் ஹமீடின் மரத்தடி மண், மற்றதில் கறுவாவின் மண். இரண்டிலும் தண்ணீர் விட்டு, வேறொரு வீட்டிலிருந்து வாங்கிய பழுக்காத பட்டர்புரூட் ஒவ்வொன்றைப் பாதி அமிழ ஷிம்னா மிதக்கவிட்டாள். மண்ணில் அது இருந்தால் நீந்தி வந்து காயைக் கடிக்கும், கடித்த இடம் கறுக்கும். பெட்டிகள் நாகேஸ்வரியின் குசினி நிழலில் இருந்தன. கொப்பு வெட்டுகிறவனை அடுத்த வெள்ளிக்கு வரச் சொல்லியாயிற்று.

ஹமீட் ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேலால் கேட்பார்: "என்ன தங்கச்சி, குளிச்சு முடிஞ்சுதா?"

"இன்னும் தண்ணியிலதான் நானா. உங்கட ஆள் சவர்க்காரம் கேக்குறார்."

பகிடிதான் விட்டாள். ஆனால் விடியற்காலையில் இலையைக் கசக்குவதற்கு முன் பெட்டிகளைத்தான் எட்டிப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் மழை பெய்தது. பெட்டிகளுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே அவளுக்குக் கண் சொருகிற்று. மழைத் தண்ணீர் குசினிக்குள் முழங்கால் மட்டத்துக்கு ஏறியது. அதில் கண்ணாடித் துளிகள் போலச் சின்னஞ்சிறுசுகள், இரண்டிரண்டு வாலோடு, அவளைச் சுற்றி நீந்தின. எங்களைப் பங்கசு என்றார்கள், நாங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. கறுவா என்றார்கள், அது நாங்கள் ஒருநாள் தங்கின வீடு. கடல் எந்தப் பக்கம் அம்மா என்று அவை கேட்டன. நாகேஸ்வரிக்கு அவற்றைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த ஒழுங்கையால் நேரே இறங்குங்கோ, றோட்டைத் தாண்டினால் தண்டவாளம், அதுக்கங்கால கடல் என்று கையைக் காட்டினாள். போற வழியில என்ர மரத்தில தட்டாதையுங்கோ, குஞ்சுகள். அவை வாலை ஆட்டின. சரி என்றனவா, பசிக்கிறது என்றனவா என்று தெரியவில்லை. ரயில் ஒன்று போயிற்று. கண்ணைத் திறந்தபோது குசினி காய்ந்திருந்தது.

ஷிம்னா வந்து பெட்டிகளைத் திறந்தாள். ஹமீடின் மண்ணில் கிடந்த காயில், தண்ணீர் தொட்ட கோடு நெடுகக் கறுத்த மண்ணிறப் புள்ளிகள், சிறு விரல்கள் பிடித்துப் பார்த்த மாதிரி. கறுவா மண்ணில் கிடந்த காய் பச்சையாகவே இருந்தது.

"இல்ல எண்டு சத்தியம் பண்ண ஏலாது ஆன்டி. காணல்ல, அவ்வளவுதான்" என்றாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தகப்பனின் மரத்தடிக்குக் கிட்ட ஊற்றினாள். தண்ணீர் முற்றத்தில் வளைந்து, மதிலடியில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்து, பள்ளத்தில் இறங்கி, கறுவாவை நோக்கி ஓடிற்று.

ஹமீட் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப இங்க ஈந்துதான் அங்க போகப் போகுது" என்றார். பிறகு மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அண்டைக்கு மூக்கு எண்டு செல்லிச்சீங்களே தங்கச்சி. அது என்னத்த?"

நாகேஸ்வரி சொன்னாள். தாச்சியைக் கவிழ்த்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவன் ஹமீடின் மரத்தில் காய்ந்த கொப்புகளை மட்டும் வெட்டிவிட்டுப் போனான். இந்த நோய்க்கென்று வேறு மருந்து ஷிம்னா கொண்டுவந்திருந்தாள். மரம் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று சொல்லியிருந்தாள். ஜும்மா முடிந்து வந்த ஹமீட், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய வாளியொன்றில் சீமெந்து குழைத்தார். தண்ணீர் றோட்டுக் கானுக்குப் போக வாய்க்கால் வெட்டினார். பிறகு குந்தியிருந்து மதிலின் ஓட்டையை அடைக்கத் தொடங்கினார்.

மறுபக்கத்தில் நாகேஸ்வரி கறுவாவின் அருகே நின்றாள். கையில் அன்றைய இலை இருந்தது, இன்னும் கசக்கவில்லை. அப்போது சாம்பல் நிறமாய், குளிர்ந்து, அடித்தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்து மூக்கைத் தொட்டது.

"நானா."

"என்ன தங்கச்சி?"

"சீமெந்து மணக்குது."

மதிலுக்கு அப்பால் கரண்டிச் சத்தம் நின்றது.

"நல்ல மணமா?"

"சீ, கூடாத மணம்."

"ஓட்ட அடச்சு முடிஞ்சுது" என்றார் ஹமீட். "இன்னுங் கொஞ்சம் குழைக்கவா?"

"ஓம் நானா" என்றாள் நாகேஸ்வரி. "கொஞ்சம்."